நகரத்துச் சாக்கடையா, நம் வரத்துக் காலா?

கிருதுமால் நதி பாயும் பகுதியில் ஒரு கண்மாய். ஐப்பசி மழைக்குப் பிறகு அங்கே மடை திறந்தபோது நான் கரையில் நின்றிருந்தேன். முதலில் வந்தது தண்ணீர் அல்ல. பாலிதீன் பைகளும் கிழிந்த செருப்புகளும் ஆகாயத்தாமரைக் குவியலும் வந்தன. அவற்றை வாரி எறிந்த பிறகே கறுத்த நீர் வாய்க்காலில் இறங்கியது. மண்வெட்டியும் கையுமாக நின்ற சிறு விவசாயி ஒருவர், "அண்ணே, இது நம்ம கண்மாய்த் தண்ணியா, இல்ல டவுன்காரங்க கழுவி ஊத்துன தண்ணியா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அது சிரித்துவிட்டுப் போகும் கேள்வி அல்ல.

ஓடைகளை மீட்பது என்றால் நகரத்து மக்களின் விவகாரம், பூங்கா அமைப்போரின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. நகரத்துக்குள் புதைந்துபோன ஒவ்வோர் ஓடையும் எங்கோ ஒரு கண்மாயின் வரத்துக் கால். தலையில் அடைத்தால் வால் காயும். தலையில் சாக்கடை விட்டால் வாலில் சாக்கடைதான் வரும். ஆகவே இது விவசாயிகள் பேச வேண்டிய விஷயம்.

ஒரு நதியின் கதை

கிருதுமால் சாதாரண ஓடை அல்ல. மதுரைக்கு மேற்கே நாகமலை அடிவாரத்தில், துவரிமான் பகுதியில் தொடங்குகிறது. விராட்டிப்பத்து, எல்லீஸ் நகர், கீரைத்துறை, சிந்தாமணி என்று நகரத்தின் தென்பகுதி வழியாக வந்து, சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களின் கண்மாய்களை நோக்கிச் செல்கிறது. பாகவதத்தில் மச்சாவதாரக் கதை நடக்கும் கிருதமாலை நதி இதுவே என்பது மதுரை மக்களின் நெடுநாள் நம்பிக்கை. புராணத்தில் இடம்பெற்ற நதி இன்று நகரத்துக்குள் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே ஓடுகிறது. அதன் பெயரைக்கூட அறியாமல் அதைத் தாண்டிச் செல்லும் மக்கள் ஆயிரக்கணக்கானோர்.

கீழ்ப்பகுதி விவசாயிகளுக்காக விரகனூர் மதகணையிலிருந்து வைகை நீரைக் கிருதுமாலில் திறந்துவிடும் ஏற்பாடு உண்டு. ஆனால் அதற்கு வைகை அணையில் நீர் இருக்க வேண்டும். அரசு உத்தரவும் வர வேண்டும். நதிக்குச் சொந்தமான மழைநீர், நாகமலையிலும் மதுரை நகரத்திலும் பெய்யும் நீர், ஒழுங்காக வந்தால் நாம் ஒவ்வோர் ஆண்டும் இப்படி அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.

மதுரையில் மட்டும் இந்த நிலை என்று எண்ண வேண்டாம். உங்கள் தாலுகாத் தலைநகரத்தையே ஒருமுறை சுற்றிப் பாருங்கள். குளம், ஏரி, ஊருணி என்று முடியும் தெருப் பெயர்கள் எத்தனை! குளம் எங்கே என்று கேட்டால் பஸ் நிலையத்தைக் காட்டுவார்கள். மதுரையிலேயே தல்லாகுளம் இருக்கிறது. குளம் இருந்த இடத்தில் மாநகராட்சிக் கட்டடம் நிற்கிறது. குளம் போனால் அதற்கு நீர் கொண்டுவந்த காலும் போகும்; அதன் மிகைநீரைக் கீழே அனுப்பிய காலும் போகும்.

எப்படிப் புதைந்தது?

ஓடைகளை யாரும் ஒரே நாளில் மண் போட்டு மூடிவிடவில்லை. முதலில் கரையில் வீடுகள் வருகின்றன. சமையலறை நீர் ஓடையில் விழுகிறது. பிறகு கழிவறை நீரும் சேருகிறது. நாற்றமும் கொசுவும் பெருகவே, மேலே மூடி போடுங்கள் என்று தெருக்காரர்கள் மனு கொடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாற்றத்தில் குடியிருப்பவர்கள் அவர்கள்தானே! மூடி போட்டாயிற்று. மூடியின் மேல் வண்டிகள் நிற்கின்றன, கடை வருகிறது. இருபது ஆண்டுகளில் அடியில் ஓடை இருக்கிறது என்பதே மறந்துபோகிறது. அடியில் வண்டல் சேர்ந்தால் தூர்வார வழியில்லை. பெருமழை வரும்போது ஓடை தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வீடுகளுக்குள் நுழைகிறது.

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் செல்லூர் பகுதி எப்படி மிதந்தது என்பதைப் பத்திரிகைகளில் படித்தோம். பந்தல்குடி கால்வாயில் கொள்ளாத நீர் வீடுகளுக்குள் புகுந்தது. நகரத்துக்கு வெள்ளம், நமக்கு வறட்சி. இரண்டும் ஒரே நோயின் இரண்டு குறிகள்.

கணக்குப் பார்ப்போம்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஆகவே 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஓர் ஏக்கரில் விழுவது சுமார் 2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரிகள் ஏறத்தாழ 17 வேண்டும் அதை எடுத்துச்செல்ல.

வரப்பு கட்டி உழுத செம்மண் நிலத்தில் இந்த நீரில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கும். மீதி மெதுவாக வழிந்து ஓடைக்குப் போகும். அதே ஓர் ஏக்கரில் மாடி வீடும் சிமெண்டு முற்றமும் தார்ச்சாலையும் போட்டுவிட்டால், நீர் இறங்க இடமில்லை. பெரும்பகுதி அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் சாக்கடையில் பாய்கிறது. அங்கே மலநீருடன் கலக்கிறது. நல்ல மழைநீர் 2 லட்சம் லிட்டரும் அந்த நிமிஷத்திலிருந்து கழிவுநீர்.

கழிவுநீரானால் என்ன, உரம்தானே என்று கேட்கும் விவசாயிகளும் உண்டு. ஆண்டு முழுவதும் வருகிறது, யூரியாச் செலவு மிச்சம் என்பார்கள். தீவனப் புல்லுக்கும் தென்னைக்கும் அந்த நீரைப் பாய்ச்சி ஓரளவு பலன் கண்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நெல்லுக்கு என்ன ஆகிறது? தழைச்சத்து மிஞ்சிப் பயிர் கரும்பச்சையாக வளர்கிறது. கதிர் முற்றும் நேரத்தில் சாய்கிறது. புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் இப்படிப்பட்ட பயிரைத்தான் தேடி வருகின்றன. சோப்புத் தூளில் உள்ள சோடியம் மண்ணில் சேர்ந்தால் நிலம் இறுகிக் களராகிறது. வயலில் இறங்கியவர்களுக்குக் கை கால்களில் அரிப்பு. பச்சையாகத் தின்னும் காய், கீரைகளுக்கு அந்த நீரைப் பாய்ச்சவே கூடாது. யூரியாவில் மிச்சம் பிடித்ததைப் பூச்சிமருந்துக் கடையிலும் டாக்டரிடமும் கொடுத்துவிடுகிறோம்.

நமக்குத் தெரிந்த வித்தைதான்

இதற்குப் பரிகாரம் என்ன? இன்னும் அகலமான கான்கிரீட் கால்வாய் கட்டுவது அல்ல. அது நீரை வேகமாகக் கடத்தும். கீழே உள்ளவன் தலையில் வேகமாகக் கொட்டும். வேண்டியது, மழைநீரை விழுந்த இடத்திலேயே சற்று நிறுத்தி, மண்ணுக்குக் காட்டி, மிகுந்ததை மெதுவாக ஓடைக்கு அனுப்பும் ஏற்பாடு. பல நாட்டுப் பொறியாளர்கள் இன்று இதைப் பெரிய சாஸ்திரமாக வளர்த்திருக்கிறார்கள். ஆனால் வரப்பும், கசிவுநீர்க் குட்டையும், மடையும், கலிங்கும் நமக்குப் புதியவையா? வயலில் செய்வதைத் தெருவில் செய்ய வேண்டும், அவ்வளவே.

வீட்டுக்கு ஓர் உறிஞ்சு குழி. சாலை ஓரத்தில் சிமெண்டுச் சாக்கடைக்குப் பதிலாக, இடம் உள்ள இடங்களில், புல் முளைத்த ஆழமற்ற வாய்க்கால். பள்ளி மைதானத்தையும் பூங்காவையும் சாலையைவிட ஓரடி தாழ்வாக அமைத்தால் பெருமழையின்போது நீர் அங்கே சில மணி நேரம் நின்று இறங்கும். மறுநாள் பிள்ளைகள் விளையாடலாம். பழைய ஊருணியைத் தூர்வாரி அதற்கு ஒரு கலிங்கு. அந்தக் கலிங்கிலிருந்து ஓடைக்கு ஒரு கால். இவை சங்கிலிபோல் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால்தான் புதைந்த ஓடைக்கு மீண்டும் நல்ல நீர் வரும். நீர் வராத ஓடையைத் திறந்துவிட்டுப் பயன் இல்லை.

தென்கொரியாவின் சியோல் நகரத்தில் ஒரு மேம்பாலச் சாலையை இடித்து, அதன் அடியில் புதைந்திருந்த சியோங்கீசியோன் ஓடையைச் சுமார் 6 கிலோமீட்டர் நீளத்துக்குத் திறந்து 2005-ல் மக்களுக்கு விட்டார்கள். உலகமே பாராட்டியது. கோடையில் அந்தப் பகுதியின் வெப்பம் தணிந்தது, மீன்களும் பறவைகளும் வந்தன. ஆனால் அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்பு வைத்து ஏற்றுவது! மின்சாரம் நின்றால் ஓடை நிற்கும். நமக்கு அந்த ஆடம்பரம் கட்டாது. நமக்கு வேண்டியது தானாக ஓடும் ஓடை.

ஜெர்மனியில் நடந்தது

நமக்கு நெருங்கிய பாடம் ஜெர்மனியின் எம்ஷர் ஆற்றில் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி அது. சுரங்கத்தால் நிலம் அமிழ்ந்துகொண்டே இருந்ததால் பூமிக்கு அடியில் சாக்கடைக் குழாய் பதிக்க முடியவில்லை. ஆகவே ஆற்றையே கான்கிரீட் போட்டுத் திறந்த சாக்கடையாக்கினார்கள். அந்த வேலைக்காக 1899-ல் அந்தப் பகுதி ஊர்களும் ஆலைகளும் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கமே அமைத்தன. சுமார் நூறாண்டு அப்படியே ஓடியது.

சுரங்கங்கள் அங்கிருந்து நகர்ந்து, நிலம் அமிழ்வது நின்றதும், அதே சங்கம் 1992-ல் ஆற்றை மீட்கத் தொடங்கியது. முதலில் அவர்கள் செய்தது என்ன? கரையில் பூச்செடி வைக்கவில்லை. 51 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றை ஒட்டிப் பூமிக்கு அடியில் பெரிய கழிவுநீர்க் குழாய் போட்டார்கள். சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். மலநீர் ஒரு பக்கம், ஆற்று நீர் ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். கான்கிரீட்டை உடைத்து ஆற்றுக்குக் கரையும் வளைவும் கொடுத்தார்கள். 2021 இறுதியில் எம்ஷர் கழிவுநீர் இல்லாத ஆறாயிற்று. முப்பது ஆண்டுகள், சுமார் 550 கோடி யூரோ செலவு. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை. ஆனால் அவர்கள் கையாண்ட வரிசை நமக்கு இலவசம்: முதலில் மலநீரைப் பிரி, அடுத்து மழைநீரைச் சேர், கடைசியில் கரையைத் திற.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2005-ல் அந்தப் பகுதி நகரங்கள் ஓர் ஒப்பந்தம் செய்தன. 15 ஆண்டுகளில் சாக்கடைக்குப் போகும் மழைநீரில் 15 சதவீதத்தைப் பிரித்துவிடுவது என்பது இலக்கு. எப்படிப் பிரிப்பது என்பதை ஒவ்வொரு நகரமும் தன் மண்ணுக்கும் இடத்துக்கும் ஏற்ப முடிவு செய்யலாம். ஜெர்மனியின் பல ஊர்களில் மழைநீருக்கென்று தனிக் கட்டணமும் உண்டு. எவ்வளவு பரப்பைச் சிமெண்டால் மூடுகிறீர்களோ அவ்வளவு கட்டணம். மூடாமல் விட்டால் கட்டணம் குறையும். போலீஸ்காரர் வராமலே முற்றத்துச் சிமெண்டைப் பெயர்க்க வைக்கும் வழி இது.

வளைய வேண்டிய சட்டம், வளையக் கூடாத சட்டம்

நம் மாநிலத்தில் சட்டங்களுக்குக் குறைவில்லை. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தனிச்சட்டம் வந்தது. 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நல்ல சட்டம், நல்ல பலனும் தந்தது. ஆனால் பல வீடுகளில் அது பெயருக்கு ஒரு குழி, பெயருக்கு ஒரு குழாய் என்று முடிந்தது. காரணம், மணல் நிலத்துக்கும் களிமண்ணுக்கும் ஒரே குழியைப் பலரும் தோண்டினார்கள். களிமண்ணில் குழி நிரம்பி அப்படியே நிற்கிறது. வீட்டுக்காரர் வெறுத்துப்போய் மூடிவிடுகிறார்.

எனது யோசனை இதுதான். எப்படிச் செய்ய வேண்டும் என்பதில் சட்டம் வளைந்து கொடுக்கட்டும். என்ன நடக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கட்டும். உதாரணமாக, பெய்யும் மழையில் முதல் இரண்டரை சென்டிமீட்டர் உங்கள் மனையை விட்டு வெளியே போகக்கூடாது என்று விதித்தால் போதும். ஆயிரம் சதுர அடி மாடிக்கு அது சுமார் 2,300 லிட்டர். தொட்டியில் பிடித்து வீட்டுக்குப் பயன்படுத்துவாரோ, கிணற்றில் விடுவாரோ, தோட்டத்தில் பாய்ச்சுவாரோ, குழியில் இறக்குவாரோ, அது அவர் விருப்பம். ஆறடி நீளம், நாலடி அகலம், நாலடி ஆழம் உள்ள காலிக் குழி இந்த நீரைத் தாங்கும். ஜல்லி நிரப்பினால் மூன்றில் ஒரு பங்குதான் நீருக்கு இடம். அதற்கேற்பக் குழியைப் பெரிதாக்க வேண்டும். இடமே இல்லாத குறுகிய தெருக்காரர்கள் சேர்ந்து தெருவுக்கு ஒரு பொதுக் குழியோ ஊருணியோ அமைக்க அனுமதிக்கலாம். ஏழைகளுக்கு மானியம் தரலாம்.

ஓடையைத் திறப்பதிலும் வளைவு வேண்டும். அரசு அலுவலக வளாகம், பள்ளி, பூங்கா, புது மனைப்பிரிவுகளில் விடப்படும் திறந்தவெளி ஆகியவற்றின் வழியே ஓடை போனால் உடனே திறக்கலாம். கடைத்தெருவுக்கு அடியில் போனால் அங்கே இப்போதைக்கு மூடியே இருக்கட்டும். தூர்வார வழி மட்டும் செய்ய வேண்டும். கரையில் குடிசை போட்டிருப்பவர்களில் பலர் நம்மைப் போல் கிராமத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள். வேறு இடம் கொடுக்காமல் அவர்களைத் துரத்திவிட்டு, பக்கத்தில் நிற்கும் பெரிய கட்டடத்துக்கு வாய்தா கொடுப்பது நியாயம் அல்ல.

ஆனால் மூன்று விஷயங்களில் சட்டம் இம்மியும் வளையக் கூடாது. ஒன்று, நில அளவை வரைபடத்தில் உள்ள ஓடையின் பாதையும் அகலமும். மூடியிருந்தாலும் அது ஓடை என்றே பதிவில் நிற்க வேண்டும். இரண்டு, மலநீர் ஒரு சொட்டும் ஓடையில் விழக்கூடாது. மூன்று, நகரத்துக் குளம், ஊருணி, குழி எதுவாக இருந்தாலும் அதன் மிகைநீர் சாக்கடைக்கு அல்ல, ஓடைக்கே போக வேண்டும்.

நம் பயம் நியாயமானதே

இந்த மூன்றாவது விஷயம்தான் நமக்கு உயிர். நகரத்தார் மழைநீரை அங்கேயே நிறுத்திக்கொண்டால் நம் கண்மாய்க்கு என்ன வரும் என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான பயம். நகரத்துக்குள் இறங்கும் நீரை நகரத்து ஆழ்குழாய்க் கிணறுகளே உறிஞ்சிக்கொள்ளக் கூடும்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வயலும் தோப்புமாக இருந்தபோது அந்த நிலம் அனுப்பியதைவிட, வீடும் சாலையுமான பிறகு மிக அதிகமான நீர் ஓடுகிறது. அந்த மிகையைத்தான் நிறுத்தச் சொல்கிறோம். பெருமழையில் முதல் இரண்டரை சென்டிமீட்டர் போக மற்றது எப்படியும் வரும். ஒரு மணி நேரத்தில் பாய்ந்து வந்து கரையை உடைக்கும் நீரைவிட, இரண்டு மூன்று நாள் வரும் நீரே கண்மாய்க்கு லாபம். ஆனால் மிகைநீரின் திசை நம் பக்கம் இருக்க வேண்டும். அதை இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளாவிட்டால் பிறகு கிடைக்காது.

அதேபோல், மதுரையில் அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஒழுங்காகச் சுத்திகரித்த நீர் பயிருக்கு ஆகும். அதை எவ்வளவு, எந்தத் தரத்தில், எந்தக் கண்மாய்க்கு என்று கணக்கோடு கேட்க வேண்டும். ஓடையில் திருட்டுத்தனமாக வரும் சாக்கடை வேறு. கணக்கோடு வரும் சுத்திகரித்த நீர் வேறு.

நாம் செய்ய வேண்டியது

விவசாயப் பெருமக்கள் சும்மா இருந்தால் இவை நடக்கா. நம் கண்மாயின் வரத்துக் கால் எங்கே தொடங்குகிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாசன சங்கத்தார் பத்துப் பேர் சேர்ந்து, புலப்படத்தையும் 'அ' பதிவேட்டு நகலையும் வாங்கிக்கொண்டு, கோடையில் ஒரு நாள் மடையிலிருந்து மேல்நோக்கி நடந்து பாருங்கள். எங்கே குறுகியது, எங்கே மூடப்பட்டது, எந்த இடத்தில் சாக்கடை விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்பைக் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். நகர வளர்ச்சித் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபணையும் யோசனையும் சொல்ல அவகாசம் தருகிறார்கள். அப்போது மனை வியாபாரிகள் தவறாமல் போகிறார்கள். நாம் போவதில்லை. வரைவு அச்சாகிவிட்ட பிறகு கண்மாய்க் கரையில் நின்று புலம்புகிறோம்.

நகரத்தாரோடு சண்டைக்கும் போக வேண்டியதில்லை. வெள்ளத்தில் வீடு மூழ்கியவரும், மடையில் பாலிதீன் வாருபவரும் ஒரே ஓடையின் இரு முனையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு வெள்ளம் குறைந்தால் நமக்கு நல்ல நீர் கூடும். அவர்கள் வீட்டில் குழி வெட்டச் சொல்வதற்கு முன் நாமும் நம் பங்கு வரத்துக் காலில் போட்ட வரப்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். ஓடையில் அரைக்கால் ஏக்கர் சேர்த்து உழுதவர்கள் நம்மிலும் இல்லையா?

"இது யார் தண்ணி?" என்று கேட்டாரே அந்தச் சிறு விவசாயி, அவருக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: தண்ணீர் நம்முடையது, தம்பி, அழுக்குத்தான் நம்முடையது அல்ல. இரண்டையும் பிரித்துத் தரச்சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. அடுத்த ஐப்பசிக்குள் கேட்கத் தொடங்குவோம்.